ஒரே இழுப்பில் இரண்டு வெடி: கோளாறு எங்கே இருக்கிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஏஆர்-15 வகை அரைத் தானியங்கி (ஓர் இழுப்புக்கு ஒரு குண்டு மட்டும் சுடும்) ரைஃபிள் ஒன்றை இன்னொருவர் பயன்படுத்திய நிலையில் வாங்கியிருக்கிறீர்கள். ட்ரிக்கர் கனமாக இருக்கிறதென்று உள்ளே இருந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, மென்மையான ஸ்பிரிங் செட் ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். அதன் பிறகு மூன்று தொல்லைகள். சில தோட்டாக்கள் 'டிக்' என்ற சத்தத்தோடு வெடிக்காமல் நின்றுவிடுகின்றன. சில சமயம் ஒரு ரவுண்டு சுட்டதும் அடுத்த இழுப்புக்கு ட்ரிக்கர் உயிரில்லாமல் தொளதொளவென்று போகிறது. கடைசியாக, ஒருமுறை இழுத்ததற்கு இரண்டு வெடி வெடித்தது. எந்தப் பாகத்தை மாற்றினால் இதெல்லாம் தீரும் என்று கேட்கிறீர்கள்.

துப்பாக்கிப் பழுது பார்ப்பதே பல ஆண்டுகளாக என் தொழில். உங்கள் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் 'இந்தப் பாகம்தான்' என்று விரல் நீட்டிச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை இங்கிருந்தே உறுதியாகச் சொல்லலாம். இரண்டு வெடி வெடித்த ரைஃபிளில் காரணம் தெரிந்து சரிசெய்யும்வரை இனி ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். 'ஒரு தடவைதானே, மறுபடி வருகிறதா பார்ப்போம்' என்று போய்ப் பார்க்கிற சோதனை இது இல்லை. இரண்டாவது குண்டு புறப்படும்போது துப்பாக்கி முதல் வெடியின் உதைப்பில் மேலே ஏறிக்கொண்டிருக்கும். அது எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை. சட்டச் சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுத் தேசிய துப்பாக்கிச் சட்டம், ட்ரிக்கரின் ஒரே இயக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைத் தானாகச் சுடுவதை இயந்திரத் துப்பாக்கி என்றே வரையறுக்கிறது. வேறு நாடுகளிலும் இதைப் போன்ற வரையறைகள் இருக்கின்றன. கோளாறு என்று தெரிந்த பிறகும் சுட்டுக்கொண்டிருந்தவருக்கு விளக்கம் சொல்வது கடினம்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். அது மனதில் பதியாமல் பாகத்தை மாற்றினால் பணம்தான் போகும். இந்த வகை ரைஃபிளில் ட்ரிக்கரின் முன்முனைதான் சியர். சுடத் தயாராக இருக்கும்போது, ஹேமர் என்ற சுத்தியலின் அடியில் உள்ள வெட்டு அந்த முனையில் மாட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் இழுத்ததும் முனை கீழே இறங்க, ஹேமர் விடுபட்டு, தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னை அடிக்கும். வெடித்ததும், தோட்டாவுக்குப் பின்னால் கதவாக மூடி நிற்கும் போல்ட்டைச் சுமக்கும் கேரியர், வெடிப்பின் வாயு தள்ளப் பின்னால் ஓடிவந்து ஹேமரை மறுபடி கீழே அழுத்தும். இவ்வளவும் நடக்கும்போது உங்கள் விரல் இன்னும் ட்ரிக்கரை விட்டிருக்காது. ஆகவே சியர் கீழேதான் இருக்கும். அதனால் ஹேமரைப் பிடிக்க முடியாது. அந்த இடைவெளியில் ஹேமரின் பின்பக்கக் கொக்கியைப் பிடித்து நிறுத்தும் பாகம்தான் டிஸ்கனெக்டர். விரலைத் தளர்த்தும்போது ட்ரிக்கர் முன்னே வரும், சியர் மேலே ஏறும், டிஸ்கனெக்டர் பின்வாங்கி ஹேமரைச் சியரிடம் ஒப்படைக்கும். அப்போது கேட்கும் சின்னக் 'கிளிக்'கைத்தான் ரீசெட் என்கிறோம். 1936-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட எம்1 கரண்ட் ரைஃபிளிலும் ஏகே வகைத் துப்பாக்கிகளிலும் பாகங்களின் வடிவம் வேறு. ஆனால் ஹேமரை இரண்டு இடங்களில் மாறி மாறிப் பிடிக்கிற ஏற்பாடு அவற்றிலும் உண்டு.

அரைத் தானியங்கித் துப்பாக்கியின் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒப்படைப்பில்தான் இருக்கிறது. டிஸ்கனெக்டர் விட்ட கணத்தில் சியர் போதுமான உயரத்துக்கு ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் ஹேமர் நழுவும். போல்ட் மூடும்போது அதன் பின்னாலேயே ஹேமரும் சாய்ந்து வருவதைப் பட்டறையில் 'ஹேமர் ஃபாலோ' என்பார்கள். பெரும்பாலும் இப்படிச் சாய்கிற ஹேமருக்கு வேகம் இருக்காது. தோட்டாவின் அடியில் தீ மூட்டும் சின்ன மூடியான ப்ரைமரை வெடிக்க வைக்காமல் மெல்லப் படுத்துவிடும். அப்போது உங்களுக்குக் கிடைப்பது உயிரில்லாத ட்ரிக்கர். எப்போதாவது ப்ரைமர் வெடிக்கும் அளவுக்கு வேகம் கிடைத்துவிட்டால் அதுவே இரண்டாவது வெடி. நீங்கள் தனித்தனியாக எழுதிய இரண்டு புகார்களும் ஒரே கோளாறின் இரண்டு முகங்களாக இருக்கலாம் என்று நான் நினைப்பது இதனால்தான். செத்த ட்ரிக்கர் வெறும் எரிச்சல் என்று பலர் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அது வந்த அன்றே துப்பாக்கியை ஓரமாக வைத்திருந்தால் இரட்டை வெடிவரை போயிருக்காது.

இருந்தாலும் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன். உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. ட்ரிக்கர் செத்துப்போன அந்த நேரங்களில், கையால் போல்ட்டை இழுத்தபோது சேம்பரிலிருந்து (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையிலிருந்து) என்ன வெளியே விழுந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சுடாத முழுத் தோட்டா விழுந்திருந்தால் கேரியர் பின்னால் முழுதாகப் போய், மேகசின் என்ற தோட்டாப் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்து வந்திருக்கிறது. கேரியர் தோட்டாவை எடுக்கும் தூரத்துக்கு முன்பே ஹேமரை அழுத்திவிடும். ஆக, ஹேமர் ஒருமுறை கீழே போய், பிடிபடாமல் திரும்பி வந்திருக்கிறது. அது ட்ரிக்கர் பாகங்களின் குற்றம். மாறாகச் சேம்பர் காலியாக இருந்தாலோ, சுட்ட வெற்றுக்கூடே உள்ளே மாட்டிக் கிடந்தாலோ, கேரியர் போதுமான தூரம் ஓடவில்லை என்று பொருள். வாயுத் துளை அடைப்பு, தளர்ந்த கேஸ் கீ (வாயுவைக் கேரியருக்குள் விடும் குழாய்), பலவீனமான தோட்டா, வறண்டு அழுக்கேறிய கேரியர் இவற்றில் தேட வேண்டும். அந்த நிலையில் ஆயிரம் ட்ரிக்கர் மாற்றினாலும் பலன் இருக்காது.

இரட்டை வெடிக்கு ட்ரிக்கரோடு தொடர்பே இல்லாத காரணம் ஒன்றும் உண்டு. ஏஆர் வகையில் ஃபயரிங் பின்னுக்குப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. அது போல்ட்டின் உள்குழிக்குள் சும்மா ஓடும். போல்ட் வேகமாக மூடும்போது அதன் நுனி ப்ரைமரை லேசாகத் தொட்டு ஒரு புள்ளி வைக்கும். நல்ல தோட்டாவில் அது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் குழியில் அழுக்கோ கெட்டிப்பட்ட கிரீஸோ சேர்ந்து ஃபயரிங் பின் முன்பக்கம் நீட்டியபடியே மாட்டிக்கொண்டால், அல்லது கையால் ரீலோடு செய்த (சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிய) தோட்டாவில் ப்ரைமர் சரியாக உள்ளே அமராமல் மேடாக நின்றால், போல்ட் மூடிய வேகத்திலேயே தோட்டா வெடித்துவிடும். இதற்கு ஸ்லாம் ஃபயர் என்று பெயர். 1945-ஆம் ஆண்டின் சோவியத் எஸ்கேஎஸ் ரைஃபிளில் இது பெயர் பெற்ற தொல்லை. நீண்ட காலம் பாதுகாக்கப் பூசி வைத்த கெட்டி கிரீஸைப் போல்ட்டுக்குள்ளிருந்து முழுதாக எடுக்காமல் சுட்டவர்களுக்கு, விரலை எடுத்த பிறகும் துப்பாக்கி சுட்டுக்கொண்டே போன அனுபவம் நேர்ந்திருக்கிறது. ஸ்லாம் ஃபயருக்கு ட்ரிக்கரை இழுக்கவே தேவையில்லை என்பதால், முதல் தோட்டாவை ஏற்றும்போதுகூட அது நேரலாம். உங்களுக்கு அது ஒரு இழுப்புக்குப் பின்தான் வந்திருக்கிறது என்பதால் இதைச் சந்தேகப் பட்டியலில் இரண்டாவதாக வைக்கிறேன், நீக்கிவிடவில்லை. போல்ட்டைக் கழற்றி, ஃபயரிங் பின்னை வெளியே எடுத்து, குழியைத் துடைத்துவிட்டு, அந்தப் பின் தன் எடையிலேயே தடையின்றி முன்னும் பின்னும் சரிகிறதா என்று சாய்த்துப் பாருங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

மூன்றாவதாகச் சுடுபவரின் விரலும் காரணமாகலாம். மிக லேசான ட்ரிக்கரும் தோளில் தளர்வான பிடியும் சேர்ந்தால், உதைப்பில் துப்பாக்கி பின்னால் போய் முன்னால் வரும்போது விரல் தன்னை அறியாமல் இரண்டாம் முறை இழுத்துவிடும். இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்காது. சுட்டவரோ ஒருமுறைதான் இழுத்தேன் என்று சத்தியம் செய்வார், பொய்யும் சொல்லவில்லை. இதை மேசையில் வைத்து நிரூபிக்க வழியில்லை. மற்றவை எல்லாம் சரியாக இருந்து, அனுபவமுள்ள இன்னொருவர் கையில் அது வராமல் இருந்தால்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும்.

இனிப் பார்வையிடும் வேலை. மேகசினை எடுங்கள், போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்துங்கள், சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். தோட்டா எதுவும் அந்த மேசையிலோ அந்த அறையிலோ இருக்கக் கூடாது. துப்பாக்கியின் வாய் எப்போதும் குண்டைத் தாங்கும் திசையை நோக்கியே இருக்கட்டும். பிறகு ஹேமரை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, ட்ரிக்கரை அழுத்துங்கள், ஹேமர் விழக்கூடாது. விரலை எடுத்துவிட்டுச் சேஃப்டியைத் திறங்கள். தொடாமலே ஹேமர் விழுந்தால் அத்தோடு சோதனை முடிந்தது, துப்பாக்கியைப் பட்டறைக்கு அனுப்புங்கள். விழவில்லையென்றால் ட்ரிக்கரை இழுங்கள். இப்போது விழ வேண்டும். இழுத்த ட்ரிக்கரை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, சார்ஜிங் ஹேண்டிலை (போல்ட்டைக் கையால் பின்னிழுக்கும் பிடியை) முழுதாக இழுத்து விடுங்கள். பிறகு விரலை மிக மெதுவாக, மயிரளவு மயிரளவாகத் தளர்த்துங்கள். கிளிக் சத்தம் கேட்க வேண்டும், ஹேமர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அடுத்த இழுப்புக்கு அது விழ வேண்டும்.

இந்த மெதுவான தளர்த்தலில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். விரலைச் சட்டென்று எடுத்தால் ட்ரிக்கர் துள்ளி வந்து ஹேமரைப் பிடித்துவிடும். சோதனை தேறியதாகத் தோன்றும். மெதுவாக விட்டால்தான் சியர் ஏறுவதற்கு முன்பே டிஸ்கனெக்டர் விட்டுவிடுகிறதா என்பது தெரியும். இதை இருபது முப்பது தடவை செய்து பாருங்கள். ஒரே ஒரு தடவை ஹேமர் நழுவினாலும் அது தோல்விதான். எல்லா முறையும் தேறினாலும் துப்பாக்கி குற்றமற்றது என்று தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்: வெடியின் உதைப்பும் கேரியரின் வேகமும் மேசைச் சோதனையில் இல்லை. மேல்பாகத்தைத் திறந்து வைத்துச் சோதிப்பதானால் ஹேமரைக் கட்டைவிரலால் தாங்கி இறக்குங்கள். தாங்காமல் விட்டால் ரிசீவரின் (ட்ரிக்கர் பாகங்களைத் தாங்கும் உடற்பகுதியின்) உட்சுவரில் அறைந்து அலுமினியத்தைச் சேதப்படுத்தும்.

இங்கே சேஃப்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வகையில் சேஃப்டி ட்ரிக்கரின் வால்பகுதியைத்தான் தடுக்கிறது. ஹேமரை அது பிடிப்பதில்லை. சியர் முனை தேய்ந்து ஹேமர் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும் துப்பாக்கியில், சேஃப்டி போட்டிருந்தாலும் ஒரு தட்டலில் ஹேமர் விழ வாய்ப்பு இருக்கிறது. 'சேஃப்டி போட்டுத்தான் வைத்திருக்கிறேன்' என்பது இந்த நிலையில் பாதுகாப்பு ஆகாது. பழுது தீரும்வரை துப்பாக்கி காலியாகவே இருக்கட்டும்.

காரணத்தைத் தேடும்போது கடைசியாக மாற்றியதை முதலில் பாருங்கள். உங்கள் தொல்லைகள் எல்லாம் ஸ்பிரிங் மாற்றிய பிறகு வந்தவை. படைத் தர ட்ரிக்கர் இழுக்க 5.5 முதல் 9.5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.5 முதல் 4.3 கிலோ விசை கேட்கும். கனம்தான், ஆனால் அந்தக் கனத்துக்குள் ஹேமர் ப்ரைமரை வெடிக்க வைக்கும் பலமும், சியர் திரும்பி ஏறும் பலமும் அடங்கியிருக்கின்றன. ஹேமர் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் அடி மெலியும். கெட்டியான ப்ரைமர் உள்ள தோட்டாக்கள் வெடிக்காது. உங்கள் 'டிக்' சத்தத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ட்ரிக்கர் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் சியர் சோம்பலாக ஏறும், ஒப்படைப்பு தவறும். ஆகவே முதல் வேலை, பழைய ஸ்பிரிங்குகளையே திரும்பப் போடுவது. அவை கையில் இல்லையென்றால் தயாரிப்பாளரின் அசல் ஸ்பிரிங் வாங்குங்கள்.

போடும்போது எப்படிப் போடுகிறீர்கள் என்பது முக்கியம். ஹேமர் ஸ்பிரிங்கின் இரண்டு கால்களும் பின்னோக்கி நீண்டு, ட்ரிக்கர் சுழலும் அச்சுக் கம்பியான ட்ரிக்கர் பின்னின் மேல் படுக்க வேண்டும். ஒரு கால் அந்தப் பின்னில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து, அது பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிறது. ஸ்பிரிங்கைத் தலைகீழாக மாட்டியும் துப்பாக்கி சுடும்; அடி மட்டும் மெலிந்திருக்கும், ட்ரிக்கர் பின் மெல்ல வெளியே நடந்து வரும். டிஸ்கனெக்டர் ஸ்பிரிங்கின் ஒரு முனை அகலமாக இருக்கும். அந்த முனைதான் ட்ரிக்கரின் குழிக்குள் போக வேண்டும். நான் பிரித்துப் பார்த்த ட்ரிக்கர்களில் இந்த இரண்டு தவறுகளும் அடிக்கடி கண்ணில் பட்டவை. உங்களுடையதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்ல செய்தி, செலவில்லாமல் தீரும்.

கழற்றிய கையோடு ட்ரிக்கருக்கு அடியில் உள்ள பள்ளத்தை விளக்கு வைத்துப் பாருங்கள். சுடும்போது கூட்டிலிருந்து கழன்ற ப்ரைமர் சில சமயம் அங்கே போய் விழுந்து கிடக்கும். ஒரு பயறு அளவுகூட இல்லாத அந்தத் தகரத் துண்டு, ட்ரிக்கரை இழுக்க முடியாமலோ பாதி வழியிலோ நிறுத்திவிடும். கரிப்பிசுக்கு, உடைந்த பித்தளைச் சீவல், மண் எல்லாம் அங்கேதான் சேரும். கழுவி உலர்த்திவிட்டு, சியர் முகத்துக்கும் பின்களுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் போதும். குளிப்பாட்டினால் அது கரியைப் பிடித்துவைத்துப் பசையாகிவிடும்.

பழைய துப்பாக்கி என்பதால் பின்களின் அளவையும் கவனிக்க வேண்டும். வழக்கமான ட்ரிக்கர், ஹேமர் பின்கள் 0.154 அங்குலம், கிட்டத்தட்ட 3.9 மி.மீ. கோல்ட் நிறுவனம் ஒரு காலத்தில் செய்த சில பொதுமக்கள் ரைஃபிள்களில் 0.170 அங்குலப் பின்கள் இருந்தன. பெரிய துளையில் சின்னப் பின்னைப் போட்டு ஓட்டினால் ஹேமரும் ட்ரிக்கரும் ஆடும். அந்த ஆட்டம் சியரின் பிடிப்பைத் தின்றுவிடும். பின்னை விரலால் அசைத்தால் துளைக்குள் ஆடுகிறதா, துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். துளை தேய்ந்திருந்தால் வீட்டு வேலை அத்தோடு நின்றது. தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பிறகு ஒரு பூதக்கண்ணாடியால் சியர் முனையையும் ஹேமரின் வெட்டையும் பாருங்கள். விளிம்பு கூராக, நேராக இருக்க வேண்டும். உருண்டிருந்தாலோ, பொரிந்திருந்தாலோ, முன்பு யாரோ சாணைக்கல் போட்டுத் தேய்த்த பளபளப்பு தெரிந்தாலோ, அந்தப் பாகங்களை நம்பக் கூடாது. சாதாரண ட்ரிக்கர் பாகங்களில் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டிருக்கும். அந்தத் தோலைக் கல்லால் எடுத்துவிட்டால் அன்றைக்கு ட்ரிக்கர் வெண்ணெய் போல இருக்கும். உள்ளே இருக்கும் மென்மையான எஃகு கொஞ்ச நாளில் தேய்ந்து பிடிப்பை இழக்கும். முந்தைய உரிமையாளர் இதைச் செய்திருக்கலாம், நீங்கள் செய்யாதீர்கள். இப்படிக் கண்டால் ட்ரிக்கர், ஹேமர், டிஸ்கனெக்டர் மூன்றையும் ஒரே தயாரிப்பாளரின் செட்டாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் சரியாகப் பொருந்தாது.

லேசான ட்ரிக்கர்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே வடிவமைத்த முழு யூனிட் வாங்குவது ஸ்பிரிங் மட்டும் மாற்றுவதைவிடப் பாதுகாப்பானது. அதில் திருகுகள் இருந்தால் அவற்றை இறுக்கிப் பூட்டும் பசையை அளவோடு விடுங்கள். ரெமிங்டன் நிறுவனம் 2014-இல் எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கர் கொண்ட மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களைத் திரும்ப அழைத்தது. பொருத்தும்போது பயன்படுத்திய ஒட்டுப்பொருள் மிகையானதால் துப்பாக்கி தானாகச் சுடக்கூடும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அவை போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள், அதாவது ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இயக்கிச் சுடுபவை. ஆனாலும் ட்ரிக்கருக்குள் ஒரு துளிப் பசை என்ன செய்யும் என்பதற்கு எல்லா வகைக்கும் பொருந்தும் எச்சரிக்கை அது.

வெடிக்காத தோட்டாக்களைப் பற்றி: 'டிக்' என்றதும் போல்ட்டைத் திறக்காதீர்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். வெளியே எடுத்த தோட்டாவின் ப்ரைமரைப் பாருங்கள். ஆழமில்லாத பள்ளம் என்றால் மெலிந்த அடி அல்லது போல்ட் முழுதாக மூடாதது. ஆழமான, நல்ல பள்ளம் இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாவைச் சந்தேகியுங்கள். அசல் ஸ்பிரிங் போட்ட பிறகும் பள்ளம் மெலிந்தே இருந்தால் ஃபயரிங் பின்னின் நுனியையும் குழியையும் மறுபடி பார்க்க வேண்டும்.

எல்லாம் சரிசெய்து மேசைச் சோதனையும் தேறிய பிறகு, சுடுதளத்தில் பொறுப்பாளரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, தொழிற்சாலைத் தோட்டாவாக மேகசினில் ஒன்றே ஒன்று போட்டுச் சுடுங்கள். அது பலமுறை சரியாக நடந்தால் இரண்டு. இரண்டு தோட்டாச் சோதனையில்தான் இரட்டை வெடி இருந்தால் தெரியும். மூன்றாவது இல்லாததால் அதற்கு மேல் போகாது. துப்பாக்கியைத் தோளில் இறுக்கமாகப் பிடியுங்கள், ஒவ்வொரு முறையும் விரலை மெதுவாகவே தளர்த்துங்கள். நடுவில் ஒருமுறை ட்ரிக்கர் செத்தாலும், இரட்டை வெடி வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது எந்தத் தோட்டா, எத்தனையாவது ரவுண்டு, சேம்பரில் என்ன இருந்தது, ஹேமர் எந்த நிலையில் நின்றது என்று எழுதியெடுத்துக்கொண்டு, கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளையும் கையோடு கொடுங்கள்.